பிராதும் ராஜினாமாவும்

“சார், என் லைசென்சை சஸ்பெண்ட் பண்ணிக்கோங்க. இப்பவே பண்ணுங்க. ஆனா அந்தப் பிராதை மட்டும் எடுக்கச் சொல்லுங்க சார்!”

கான்ட்ராக்டர் கதிர்வேல் இப்படிக் கும்பிட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தபோது, சூப்பிரண்டு சுப்புராயன் அவருக்குத்தான் அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக அறிவிப்பு போய்க்கொண்டிருக்கிறது. ஆள் வந்தது இன்றைக்குத்தான்.

கடலூரில் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகம் அது. உரிமம் வாங்கியவர்கள் தப்புத்தண்டா செய்தால் தட்டிக்கேட்பது சுப்புராயனின் பிரிவு. சிதம்பரத்துச் செங்கல் சூளைக்கார அம்மாள் மலர்க்கொடி, மூன்று லோடு கல்லுக்குக் கதிர்வேல் காசு தரவில்லை என்று புகார் கொடுத்திருந்தாள். முதல் அறிவிப்பு போனது. இரண்டாம் அறிவிப்பு போனது. இறுதி அறிவிப்பு போனது. அப்புறம் இறுதி அறிவிப்பை நினைவூட்டும் அறிவிப்பும் போனது. மலர்க்கொடியும் செவ்வாய்க்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து, “ஆவுது, ஆவுதும்மா” என்ற பதிலை வாங்கிக்கொண்டு போனாள்.

உரிமத்தை நிறுத்த ஒரே ஒரு கையெழுத்து போதும். ஆனால் ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது வேலியில் போகிற ஓணானை யாராவது எடுத்து மடியில் கட்டிக்கொள்வார்களா? கோர்ட்டு, கேள்வி என்று வந்தால் பென்ஷன் என்னாவது? அந்தப் பென்ஷனை நம்பித்தான் திருப்பாதிரிப்புலியூரில் அவருடைய வீட்டுக்கு மாடி ஏறிக்கொண்டிருந்தது.

“என்ன பிராது?” என்றார் சுப்புராயன்.

“மலர்க்கொடியம்மா கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டாங்க சார். எங்க கொத்தனார் சம்சாரம் கண்ணால பாத்திருக்கு. அன்னியிலருந்து கலவை மிஷின் ரெண்டு தடவ நின்னுபோச்சு. சென்ட்ரிங் எறங்கிடுச்சு. இதோ பாருங்க, கட்டை விரலு!”

மேஜைமேல் கட்டுப்போட்ட விரலைத் தூக்கி வைத்தார். விரல் விஷயம் உண்மைதான், வீங்கியிருந்தது.

விருத்தாசலம் பக்கத்துக் கொளஞ்சியப்பர் சாமியைத் தெரியாதவர்கள் அந்த மாவட்டத்துக்காரர்களாக இருக்க முடியாது. யாரால் குறையோ, அந்த எதிரியின் பெயர், ஊர், நமக்கு வேண்டியது என்ன என்று மனுவாக எழுதி, ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, சாமி வந்துபோகப் படிக்காசும் கட்டி, அங்கே முனியப்பர் சந்நிதி வேலில் மனுவைக் கட்டிவிட்டு வருவார்கள். அதுதான் பிராது. தொண்ணூறு நாளில் தீர்ப்பு. காரியம் முடிந்ததும் மறுபடி போய், “வழக்கு தீர்ந்தது” என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். அதைச் செய்யாவிட்டால் சாமி வழக்கை நடத்திக்கொண்டே இருப்பார்.

“பணத்தைக் குடுத்துத் தொலைக்கிறதுதானய்யா?”

“காலையிலயே முழுசா போட்டுட்டேன் சார்!”

சுப்புராயனுக்குச் சுருக்கென்றது. முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிய நான்கு அறிவிப்புகளுக்கு அசையாத மனிதன், வேலில் கட்டிய ஒரு காகிதத்துக்கு ஓடிப்போய்ப் பணம் கட்டியிருக்கிறான். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் தான் எழுதத் தெரியாத எதை அந்த அம்மாள் இரண்டு வரியில் எழுதிவிட்டாள்? தெரியாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது போலிருந்தது. தவிர, மலர்க்கொடியிடம் ஒரு வாபஸ் கடிதம் வாங்கினால் கோப்பும் மூடும்.

“வண்டிய எடுங்க. நானே வந்து பேசறேன்.”

சிதம்பரத்தைத் தாண்டிய சூளையில், சுப்புராயன் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் மலர்க்கொடி கையிலிருந்த செங்கல்லைக் கீழே போட்டாள். தலையிலிருந்து கால்வரை அவரைப் பார்த்தாள்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே சார்?”

“எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்.”

“ஆபீஸ்லயும்... மாத்தல் கீத்தல் ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணுமில்லம்மா.”

“அப்படியா,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. என்ன மரியாதையான அம்மாள், வந்ததும் க்ஷேமம் விசாரிக்கிறாள் என்று சுப்புராயனுக்கு நெஞ்சு நிறைந்தது.

“பணந்தான் வந்துடுச்சேம்மா. எனக்கு ஒரு வாபஸ் கடிதம் எழுதிக் குடு. கோயில்லயும் ராஜினாமா பண்ணிடு.”

“நெறவேறாம ராஜினாமா பண்ணக் கூடாது சார். சாமி குத்தம்.”

“பணம் வந்துடுச்சுங்கறேன்!”

“பணம் வந்துடுச்சு...” என்று இழுத்தாள்.

“இன்னும் இன்னா வேணுமாம் இவுங்களுக்கு?” கதிர்வேல் அழாத குறையாகக் கேட்டார். “வட்டியா? அதையும் போடறேன்!” போனை எடுத்து அங்கேயே போட்டார். மலர்க்கொடியின் போன் டிங் என்றது. அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

“பிராதுல அப்படி என்னதான் எழுதியிருக்க?” என்று சுப்புராயன் ஆசையாகக் கேட்டார்.

“அது... சாமிக்கும் எனக்கும் உள்ளது சார்.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எட்டு மாசமா ஒருதரம் ஏறெடுத்துப் பாக்காதவரு இவ்ளோ தூரம் வந்து நிக்கிறீங்க. எனுக்குத்தான் சங்கடமா இருக்குது. சரி வாங்க, சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன், இன்னிக்கே போயி எடுத்துடுவோம். மொதல்ல அங்க ராஜினாமா, அப்புறந்தான் உங்களுக்கு வாபஸ்.”

மூவரும் காரில் ஏறினார்கள். சேத்தியாத்தோப்பு தாண்டும்போதுதான் சுப்புராயனுக்கு லீவு சொல்லாதது நினைவுக்கு வந்தது. அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்தது புதிதாகத் திருப்பூரிலிருந்து வேலைக்கு வந்திருந்த சுவேதா.

“சுவேதா, ஆபீசர்கிட்ட சொல்லிடும்மா. இன்னிக்கு நான் வர முடியாது. ராஜினாமா குடுக்கப் போறோம்.”

“ராஜினாமாவா சார்?”

“ஆமாம்மா. எட்டு மாசமா இழுத்துக்கிட்டே கெடக்குது. இன்னியோட முடிச்சிடறேன்.”

“சார்... வீட்ல சொல்லிட்டீங்களா சார்?”

“வீட்ல எதுக்கு? கோயில்ல எழுதிக் குடுத்தாதான் செல்லும்.”

மறுமுனையில் லைன் கட்டானது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். ஐந்தே நிமிடத்தில் ஆபீசர் கூப்பிட்டார். அவர் கோயம்புத்தூர்க்காரர்.

“சுப்புராயன், அவசரப்படாதீங்க. இன்னும் அஞ்சு மாசம் பொறுக்க முடியாதா?”

“அஞ்சு மாசமா? தொண்ணூறு நாள்தான் சார் கணக்கு. அதுக்கு மேல தாங்காது.”

“உடம்புக்கு ஏதாவது...”

“விரல்தான் சார் வீங்கியிருக்கு.”

“யாராவது மிரட்டுறாங்களா? தைரியமா சொல்லுங்க.”

“சேச்சே! கான்ட்ராக்டர் பக்கத்துலயேதான் இருக்கார். அவர் கார்லதான் போறோம்.”

கான்ட்ராக்டர் கார் என்றதும் ஆபீசருக்கு ஏதோ புரிந்துவிட்டது. அப்புறம் மிகவும் மாறிப்போன குரலில், “அப்படியா சங்கதி. சரி, எழுத்துல அனுப்புங்க,” என்றார்.

எழுத்து என்றால் சுப்புராயனுக்குச் சர்க்கரைப் பொங்கல். வாட்ஸப்பில் தட்டினார்: ‘ஐயா, ராஜினாமா இன்று மதியத்துக்குள் முறைப்படி எழுதிக் கொடுக்கப்படும். இதில் யாருடைய வற்புறுத்தலும் இல்லை. கோப்பை உடனே முடித்துவைக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். சுப்புராயன், சூப்பிரண்டு.’

இரண்டு தடவை படித்துப் பார்த்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. தன்னைப் போல் எழுத அலுவலகத்தில் இன்னொருவன் பிறந்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அனுப்பினார்.

கோயில் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் பெரியவர் சின்னையன் அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிராதும் ராஜினாமாவும் எழுதிக் கொடுப்பது அவர் பிழைப்பு.

“ராஜினாமா எழுதணுங்கய்யா,” என்றார் கதிர்வேல், எல்லாருக்கும் முந்திக்கொண்டு. “எதிரி பேரு கதிர்வேல்னு போடுங்க.”

“நீ சொல்லி நான் போட முடியாது. பிராது நகல் இருக்குதா?”

மலர்க்கொடி ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று அது ஒரு கணம் அவள் கையிலேயே நின்றது. சுப்புராயன் கழுத்தை நீட்டினார். இதோ, தெரிந்துவிடப் போகிறது. சின்னையன் தாளை வாங்கிப் பிரித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் துடைத்த துடைப்பில் சுப்புராயனுக்குப் பொறுமை போய்விட்டது.

அப்போது சுப்புராயனின் போன் டிங் என்றது. ஆபீசரின் செய்தி.

‘தங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டு மேலிடத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டது. முப்பத்தொரு வருட சேவைக்கு நன்றி. தங்கள் இடத்தில் மாலையே வேறொருவர் பொறுப்பேற்கிறார். சுவேதா சால்வை வாங்கப் போயிருக்கிறார்.’

சுப்புராயன் அதை ஒருமுறை படித்தார். மறுமுறை படித்தபோதுதான், தான் அனுப்பிய செய்தியில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை என்பது அவருக்கு உறைத்தது. ராஜினாமா செய்தவனுக்குப் பென்ஷன் ஏது? வீட்டு மாடி பாதியிலேயே நின்றுவிட்டது போல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆபீசருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. சுவேதாவுக்குப் போட்டார். சால்வைக் கடையில் என்ன சத்தமோ, அவளும் எடுக்கவில்லை.

“என் வேலை போச்சு! சூப்பிரண்டு நாற்காலி போச்சேம்மா!” என்று அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

மலர்க்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். கோயில் பக்கம் திரும்பி, பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கதிர்வேல் ஒன்றும் புரியாமல் தன் கட்டை விரலைப் பார்த்தார்.

சின்னையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி நிதானமாக வாசித்தார்.

“எதிரி, கடலூரு சூப்பிரண்டு சுப்புராயன். வேண்டுதல், ‘அந்தாளு அந்த நாக்காலிய விட்டு எந்திரிக்கணும்’... இன்னாம்மா, நெறவேறிடுச்சுன்னு எழுதிக்கவா?”