ஆயிரம் வாட் முள்ளம்பன்றியும் அரை மணிக் கரடியும்

ஒரு காட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடைகள் இரண்டு எதிரெதிரே இருந்தன. ஒன்று முள்ளம்பன்றியுடையது. மற்றது கரடியுடையது. புருஷனைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்த முள்ளம்பன்றிக்கு மூன்று குட்டிகள். அந்தக் கடையை நம்பித்தான் நாலு வயிறும் இருந்தன.

ஒருநாள் சிங்கராணியிடமிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் காட்டுக்கு ஒரு கடை போதும். இளவரசன் இரண்டு கடையிலும் மும்மூன்று நாள் விளையாடுவான். எது நல்ல கடை என்று ராணி சொல்கிறாளோ அதற்கு உரிமம். மற்றதற்குப் பூட்டு.

இளவரசனோ, "ரெண்டு கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர்னாதான் உட்காருவேன்" என்று சொல்லிவிட்டான். திரையில் படத்தை வரைந்து தள்ளுவது அந்தக் கார்டுதான். ஒன்றே மின்சாரத்தை மடக் மடக்கென்று குடிக்கும். இரண்டு இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு கடைக்காரர்களும் எப்படியோ கார்டுகளை வாங்கிப் பொருத்திவிட்டார்கள். அவற்றுக்கு மின்சாரம் பங்கிட்டுத் தரும் இரும்புப் பெட்டி, அதாவது பவர் சப்ளை, ஒன்றுதான் பாக்கி. அது குரங்கின் கடையில் கிடைத்தது.

அந்தக் காட்டில் எதை வாங்கினாலும் முதலில் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. அப்புறம் பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் தட்டிக் காதை வைத்துக் கேட்பார்கள். குரங்குக்கு இது தெரியும். அதனால் சக்தி குறைந்த மலிவுப் பெட்டிகளுக்குள் ஆற்றுக்கல்லை வைத்து சிமென்ட் பூசி, மேலே 'ஆயிரத்து ஐந்நூறு வாட்' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தது.

கரடி தூக்கிப் பார்த்தது. தட்டியது. கூட வந்திருந்த முள்ளம்பன்றியிடம், "அக்கா, தூக்கிப் பாரேன், கை இறங்குது! இதுதான் சரக்கு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டது.

முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. பாதி ஆட்டத்தில் நின்றுபோனால்? புகை வந்தால்? இளவரசன் மீசை பொசுங்கினால்? அந்தக் காட்டில் ஒயர் வேலை பார்க்கும் தேவாங்கிடம் ஓடியது.

"அண்ணே, எதை வாங்கறது?"

தேவாங்கு கண்ணை ஒருமுறை மூடித் திறந்தது. "ஒரு கார்டுக்கு முந்நூறு வாட். ரெண்டுக்கு அறுநூறு. மத்ததுக்கெல்லாம் இருநூறு. எண்ணூறு ஆச்சா? மூச்சு விட இடம் வேணும் தங்கச்சி, ஆயிரமா வாங்கு. கெட்டுப் போனா எத்தனை வருஷம் வரைக்கும் மாத்திக் கொடுப்பேன்னு குரங்கைக் கேளு. வருஷம் சொன்னா வாங்கு. 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது'ன்னா ஓடி வந்துடு."

முள்ளம்பன்றி குரங்கின் கடைக்குத் திரும்பி, அதேபோல் இன்னொரு கல் பெட்டியைக் காட்டிக் கேட்டது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றது குரங்கு. மேல்தட்டில் தூசி படிந்திருந்த வேறொரு ஆயிரம் வாட் பெட்டியைக் காட்டிக் கேட்டது. "அது பத்து வருஷம்" என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னது. முள்ளம்பன்றி அதையே வாங்கியது.

கரடி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. "என்னக்கா, காலி டப்பாவையா வாங்கிட்டு வந்தே?"

முதல் மூன்று நாள் கரடி கடை. அரை மணி ஆனதும் இரண்டு கார்டும் சூடேறும். 'டப்' என்று எல்லாம் அணைந்துவிடும். "பெட்டி ஆறணும் இளவரசே, நாளைக்கு வாங்க" என்று கரடி தலையைச் சொறியும். இளவரசன் உறுமிக்கொண்டே வீட்டுக்குப் போவான். ஒவ்வொரு 'டப்'புக்கும் முள்ளம்பன்றி எதிர்க்கடையில் இருந்து கும்பிடு போட்டது.

அடுத்து முள்ளம்பன்றியின் முறை. கம்ப்யூட்டர் தண்ணீர்போல் ஓடியது. ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. பெட்டி சூடாகக்கூட இல்லை. இளவரசன் எழுந்திருக்கவும் இல்லை. முள்ளம்பன்றி கூப்பிட்டுப் பார்த்தது.

"தம்பி, அம்மா மான்தொடை அனுப்பியிருக்காங்க."

"ம்."

"ஆறிப்போகுதுப்பா."

"இந்த ஒரு ஆட்டம்."

தொடையில் ஈ மொய்த்தது. அன்று மட்டுமல்ல, மூன்று நாளும் அதே ஒரு ஆட்டம்தான் நடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ராணியே வந்துவிட்டாள்.

முள்ளம்பன்றி பூரிப்போடு சொன்னது, "ராணியம்மா, மூணு நாளா ஒரு தடவைகூட நிக்கலை!"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஏன் நிக்கலை?"

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் குத்திட்டு நின்றது. தேவாங்கைக் கூட்டிவந்து எண்ணூறு, ஆயிரம் என்று கணக்கை மறுபடி சொல்ல வைத்தது.

ராணி பொறுமையாகக் கேட்டாள். "கணக்கு சரிதான். ஆனா கரடி கடைக்குப் போனப்ப என் பிள்ளை அரை மணியில வீட்டுக்கு வந்தான். குளிச்சான். சாப்பிட்டான். என்னோட ரெண்டு வார்த்தை பேசினான்கூட. அது பொறுப்பான கடை."

உரிமம் கரடிக்குப் போனது. கரடி மாலையைப் போட்டுக்கொண்டு, "குழந்தைங்க நலனை நினைச்சுத்தான் அந்தப் பெட்டியைத் தேடித் தேடி வாங்கினேன்" என்று பேசியது. முள்ளம்பன்றி மூன்று குட்டிகளையும் கூட்டிக்கொண்டு கடையைப் பூட்டியது.

ராணி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கம்ப்யூட்டரை எங்க குகைக்குக் கொண்டு வந்துடு. பார்த்துக்க நீயும் வா. குட்டிகளுக்குக் கிழங்கு நான் தரேன்."

"இளவரசர் மறுபடி எழுந்திருக்க மாட்டாரே அம்மா?"

"அவனுக்கு யார் கேட்டா? ராஜாவுக்கு. காலையில எழுந்ததுல இருந்து என் பின்னாலேயே வந்து குத்தம் சொல்றார். ஒரு மாசம் நிக்காம ஓடுமா?"

"பத்து வருஷம் ஓடும் ராணியம்மா."

அன்றுமுதல் அந்தக் காட்டில் ராஜாவின் கர்ஜனையை யாரும் கேட்கவில்லை.

நீதி: பவர் சப்ளை வாங்கும்போது கார்டு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். உட்காரப்போவது பிள்ளையா, புருஷனா என்று பாருங்கள். பிள்ளை என்றால் கல் வைத்ததே போதும். புருஷன் என்றால் மட்டும் நல்லதாக வாங்குங்கள்.