வளர்கிற பெண்ணுக்கு ஒரு சின்ன கிடார்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். என் வலது தோளும் இப்போது நலம். அங்கே அத்தையும் நீங்களும், வேலை செய்கிற உங்கள் இடது காதும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் நீங்கள் பேசுவது மட்டுமே நடக்கிறது. அதனால் கடிதம். இதன் குறுக்கே யாரும் பேச முடியாது.

விஷயம் கிடார். நீங்கள் வாங்கித் தந்த பெரிய கிடாரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சின்ன உடம்புள்ள ஒன்றை மாற்றி எடுத்துக்கொண்டேன். அந்தக் குற்றத்துக்காக, சனிக்கிழமை பணிமனைச் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கப்போகிற, நான் வாசிப்பதாக இருந்த உங்கள் ஓய்வு விழாவுக்கு, "அந்தப் பொம்மையோட வர்றதா இருந்தா வராமலே இரு" என்று சொல்லிவிட்டீர்கள். பக்கத்தில் அத்தை இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

கடையில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்கும். நான் முதலில் கையில் எடுத்தது சின்னதைத்தான். நீங்கள் அதைப் பிடுங்கி இருந்த இடத்திலேயே மாட்டினீர்கள். பெரியதை இறக்கி உங்கள் மடியில் வைத்தீர்கள். உங்கள் தொப்பைக்கு அளவெடுத்துச் செய்தது போல அது உட்கார்ந்தது. தடித்த கம்பியை ஒரு தட்டு. கடைக் கண்ணாடி அதிர்ந்தது. "இதுதான்" என்றீர்கள். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, பாப்பாவுக்குப் பெரிதாக இருக்குமே என்று இழுத்தார்.

"வளர்ற பொண்ணுதானே" என்றீர்கள்.

மாமா, எனக்கு இருபத்தாறு வயது.

நம் குடும்பத்தில் அளவான ஒன்றை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. என் பள்ளிச் சீருடை எனக்குப் பொருந்துகிற வருடம் வந்தபோது கிழிந்திருந்தது, ஷூவின் முனையில் பஞ்சு அடைத்து அனுப்பினீர்கள், ஓட்டப் பந்தயத்தில் நான் கோட்டைத் தாண்டினேன், ஷூ தாண்டவில்லை, சைக்கிள் வாங்கினீர்கள், சீட்டில் உட்கார்ந்தால் பெடல் எட்டவில்லை, பெடலை மிதித்தால் சீட் எட்டவில்லை, இரண்டும் எட்டிய நாளில் அது அண்ணனிடம் போயிருந்தது. இன்று நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று யாரும் ஃபிரேம் கேட்பதில்லை. ஒரே ஒருவர் கேட்டார். ஓய்வு பெறப்போகிற வயதில். "முகம் சதை போடும்மா" என்றார். அந்த ஃபிரேம் இன்றும் அவருடைய மூக்கு நுனியில் தொங்குகிறது. இந்தக் கடிதத்தை அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் அவர் படித்துக்கொண்டிருக்கிறார்.

பெரியது என் அறைக்கு வந்தது. அறையில் ஒரே நாற்காலி. அது உட்கார்ந்தது. நான் நின்றேன். மடியில் வைத்தால் முகவாய் அதன் விளிம்பில் இடித்தது, வலது கை அந்த மேட்டில் ஏறி இறங்கிக் கம்பியைத் தொடுவதற்குள் மரத்துப்போனது, இடது கை எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் கிடார் சரிந்தது, கிடாரைப் பிடித்தால் மேசை மேலிருந்த தண்ணீர் சரிந்தது, தண்ணீர் நேராக அண்ணனுடைய லேப்டாப்பைத் தேடிப் போனது, அவன் இன்னும் என்னோடு பேசவில்லை, பஸ்ஸில் எடுத்துப் போனால் கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டார், பக்கத்தில் நின்றவர் இடித்துவிட்டு என்னை விட்டுவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டார், தோள்வலி என்று டாக்டரிடம் போனால், கனமாக ஏதாவது தூக்குகிறீர்களா என்றார். எங்கள் மாமாவின் ஆசையை என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மாற்றினேன்.

சின்னதைப் பார்த்ததும் அம்மா, "தண்ணியில நனைச்சிட்டியா? சுருங்கிப்போச்சே" என்றாள். என்னோடு பேசாத அண்ணன் அம்மாவிடம், பெரியது குட்டி போட்டுவிட்டதா என்று விசாரித்தான். சிரித்துக்கொள்ளட்டும். அது என் மடியில் உட்கார்ந்தது. அவ்வளவுதான். என் இரண்டு கைகளும் எனக்குத் தெரிந்தன. பெரியதைப் போல வயிற்றிலிருந்து அது முழங்குவதில்லை. ஆனால் ஒவ்வொரு கம்பியும் தன் பேச்சைத் தானே பேசுகிறது. பஞ்சு அடைக்காமல், மடித்துத் தைக்காமல் எனக்குப் பொருந்திய முதல் பொருள். நான் அழவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தேன்.

நேற்று மறுபடி அழைத்தீர்கள். பொம்மை, விளையாட்டுச் சாமான், ஃபோர்மேனான உங்கள் வீட்டு மானம், எல்லாம் ஒரு சுற்று வந்தது. பிறகு குரலை இறக்கிச் சொன்னீர்கள்.

"முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்துல நின்ன காதும்மா. நீ வாசிக்கிறது அன்னைக்கு எனக்குக் கேக்கணும்ல. பெருசுன்னா கேக்கும்."

உடனே பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டீர்கள். நீங்கள் பேசியது வீட்டுப் போனிலிருந்து. உங்கள் கூடத்துக்குள் எந்த பஸ் வருகிறது, மாமா?

வலது காது போனது எல்லோருக்கும் தெரியும். இடதும் தேய்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இதை முதல் நாளே சொல்வதற்கு என்ன? கிடார் மேல் பழி, என் உயரத்தின் மேல் பழி, கடைசியில் வராத பஸ் மேலும் பழி. எனக்கு இப்போது வருகிற கோபம் முன்பு வந்ததைவிடப் பெரியது. இது மட்டும் எனக்கு அளவாக இல்லாமல் இருக்கட்டும்.

ஆகவே நான் வருவேன். சின்னதோடு வருவேன். மேடை ஏற மாட்டேன். பெரிய கிடார் என்றால் அதன் வயிறும் உங்கள் வயிறும் போக நடுவில் எனக்கு இடமில்லை. சின்னதென்றால் உங்கள் இடது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்க உட்கார்ந்து, காதோரமாக வாசிக்கலாம். பின்வரிசைக்குக் கேட்காது என்று யாராவது எழுந்து சொன்னால் சொல்லட்டும். ஓய்வு பெறுவது பின்வரிசையா?

அத்தைக்கு என் அன்பும், அன்று பேசாமல் இருந்ததற்கு என் வருத்தமும். பெரியவர் நீங்கள் என்னை மனமார வாழ்த்துங்கள். வளர வேண்டும் என்று மட்டும் வாழ்த்த வேண்டாம்.

இப்படிக்கு,
வளர்ந்து முடித்துவிட்ட
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போதுதான் சின்ன கிடாருக்கு உறை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கடைக்குப் போனேன். கடைக்காரர் அளவான உறையை எடுத்து நீட்டினார். "பெருசாவே குடுங்க, நாளைக்கு உதவும்" என்றது என் வாய்தான். உள்ளே ஆடாமல் இருக்க இரண்டு துண்டுகளைச் சுருட்டி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நான் வாசலில் வந்து இறங்கும்போது பணிமனை முழுக்கப் பார்க்கப்போவது ஒரு பெரிய கிடாரைத்தான். நான் ஜிப்பைத் திறக்கிறவரைக்கும் நீங்கள் தாராளமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.