நானூறு குதிரைகளும் ஒரு பூட்டும்

இனிமேல் இந்த வீட்டில் யாரையும் நம்புவதில்லை என்று போன வாரம் முடிவெடுத்தேன். வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும் மட்டும்தான். என்னை நான் நம்பித்தான் ஆகணும். மிச்சம் யார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என்னிடம் கையடக்க வீடியோ கேம் ஒன்று இருக்கிறது. அதில் நான் ராஜா. எனக்கு லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் வேலை. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து போன் பண்ணிக் கத்துகிறவர்களுக்கு, "ஆள் வந்துகிட்டே இருக்கார் சார்" என்று பகல் பூரா சொல்லிக்கொண்டிருப்பேன். ஆள் அப்போதுதான் டீ குடிக்கக் கிளம்பியிருப்பான். அப்படிப்பட்ட எனக்கு ராஜாவாக இருக்கக் கிடைத்த ஒரே இடம் அது. ஏழு மாதப் பாடு, போன வாரத் தொடக்கத்தில் நாற்பத்தொரு கோட்டை, எல்லாம் தபால்தலை அளவு மெமரி கார்டு ஒன்றில் இருக்கிறது.

என் வேகம் எனக்கே தெரியாது. முந்தின நாள் முப்பதாவது கோட்டையில் நிறுத்தினதாக ஞாபகம் இருக்கும். மறுநாள் திறந்தால் முப்பத்திரண்டில் நிற்பேன். ஜெயித்ததைக்கூட மறக்கிற அளவுக்கு ஜெயிக்கிறோமே என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன். திங்கட்கிழமை மட்டும் ஒரு சின்னச் சறுக்கல். ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் அதிகம். அதை விடுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஆட்டம் முடிந்து 'சேமி' என்பதை அமுக்கினேன். 'கார்டில் எழுத முடியவில்லை' என்றது. புதன்கிழமையும் அதையே சொன்னது. ஆனால் வியாழக்கிழமை திறந்தால் கோட்டை நாற்பத்து மூன்று. எழுதவே முடியாத கார்டில் எழுதினது யார்? கார்டுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன்.

கழற்றி ஊதினேன். பித்தளைப் பல்லையெல்லாம் அழிரப்பரால் தேய்த்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ரப்பர் போட்டுத் தேய்க்கிறீங்களே, உள்ளே இருக்கிறது அழிஞ்சிடாதா?"

"இது வேற அழி."

"எந்த அழியா இருந்தாலும் மெதுவா அழிங்க."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. வாஷிங் மெஷின் குழாய் ஒழுகுகிறது என்று மூன்று வாரமாகச் சொல்கிறாள், நான் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கோபமாக இருக்குமோ? கேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆபீஸிலிருந்து வந்ததும் தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. கறுப்புப் பொத்தானில் வெள்ளைத் தூள். மோந்து பார்த்தேன். சாக்பீஸ். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

சனிக்கிழமை ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரரை எல்லாரும் டாக்டர் என்பார்கள். அவர் கார்டை ஒரு பார்வை பார்த்து, ஓரத்தில் நகத்தால் எதையோ மேலே தள்ளினார்.

"கார்டுக்கு ஒண்ணுமில்லை சார். இது குட்டிப் பூட்டு. கீழே தள்ளி வெச்சா உள்ளே இருக்கிறதைப் பார்க்கலாம், புதுசா எதுவும் எழுத முடியாது."

"தானா இறங்கியிருக்குமா?"

"ஒருநாள் இறங்கலாம். தினமும் இறங்காது. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

ஆச்சு என்றேன். அப்படியானால் சரி என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வழியெல்லாம் பொருமினேன். ஏழு மாத உழைப்புக்குப் பூட்டுப் போடுகிறாளா? கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை. ஒரு பொறி வைத்தேன். ராஜ்யமே அழியப்போகிறது என்று சொல்வது. அவள் முகத்தில் ஒரு துளி சிரிப்பு வந்தாலும் குற்றம் நிரூபணம்.

அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். "டாக்டர் கையை விரிச்சுட்டார். எல்லாத்தையும் சுத்தமா அழிச்சுட்டு ஒண்ணாவது கோட்டையிலேருந்து ஆரம்பிக்கணுமாம்."

சிவப்புப் பேனா கீழே விழுந்தது.

"அழிக்கிறதா? முதல்ல அதுலேருந்து கையை எடுங்க."

எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பழக்கம் உண்டு.

அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கு மனசு இளகிவிட்டது. இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. "என் உழைப்பு மேல உனக்கு இவ்வளவு அக்கறையா?" என்றேன்.

"உங்க உழைப்பா? நீங்க இருபத்தாறாவது கோட்டையில பாலத்தைக் கொளுத்திட்டு, அந்தப் பாலத்து மேலேயே நின்னீங்க. அங்கேருந்து இழுத்துட்டு வந்தது யாரு?"

பள்ளிக்கூடம் விட்டு அவள் நாலு மணிக்கே வந்துவிடுவாள். நான் வர ஏழாகும். தினமும் அந்த மூன்று மணி நேரம் என் நாட்டை யார் ஆண்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்ப அந்தப் பூட்டு?"

"ஒரு மாசமாச் சேர்த்த குதிரை. நானூறையும் திங்கக்கிழமை ஆத்துல முக்கினீங்க. முக்கினதோட விட்டீங்களா? அதைச் சேமிச்சும் வெச்சீங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஆட வேண்டாம்னு சொல்லலை, ஆசை தீர ஆடுங்க. ஆனா எதுவும் பதியக் கூடாது."

ஆயிரம் இருந்தாலும் ராஜா நான்தானே என்று கேட்டேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள். வருத்தப்படாதீங்க, உங்களுக்கும் உள்ளே ஏதாவது வழி பண்றேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூரா நான் வாஷிங் மெஷினுக்குக் கீழே குழாயோடு கிடந்தேன். அவள் சோபாவில் ராஜ்ய பரிபாலனம் செய்தாள்.

திங்கட்கிழமை சாயந்திரம் திறந்து பார்த்தேன். சிம்மாசனத்தில் ஒரு ராணி, கையில் சிவப்புப் பேனா மாதிரி ஒரு செங்கோல். கோட்டை வாசலில் ஈட்டியோடு ஒரு காவல்காரன். மீசை என்னுடையது. யாராவது கதவைத் தட்டினால் அவன் தலைக்கு மேல் எழுத்து வருகிறது: 'ராணி வந்துகிட்டே இருக்காங்க சார்.'

'சேமி' அமுக்கினேன். முதல் தடவையிலேயே பதிந்துவிட்டது.