கேள்விக்குறியும் எட்டு ஆவிகளும்

பதினான்காம் பக்கத்தில், செத்து மூன்று வருஷமான ஒரு பெண் தேநீர் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தாள். மெய்ப்புத் திருத்துபவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அச்சகத்தில் அவரைக் கேள்விக்குறி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே ‘அண்ணே’, முதுகுக்குப் பின்னால் ‘கேள்விக்குறி’. இருபத்தாறு வருஷமாக அவர் பச்சை மையில் கையெழுத்துப் போடாமல் ஒரு பக்கம்கூட இயந்திரத்தில் ஏறியதில்லை. சட்டப் புத்தகம், மருத்துவப் பாடநூல், தண்ணீர் மோட்டார் கையேடு எல்லாம் அவர் கையால் சுத்தமாகி வெளியே போனவை. ஒரு பேராசிரியரையே ஓரத்தில் கேள்விக்குறி போட்டு மடக்கியவர். அந்தப் பெருமை அவருக்கு உண்டு, இருக்கட்டும், உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே.

அப்பேர்ப்பட்டவர் மேஜைக்கு அன்றைக்கு வந்து சேர்ந்தது ‘எட்டு ஆவிகள், எட்டுக் காதல்கள்’. எழுதியவர் பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை நடத்தும் அம்மாள். அவருக்கு இதுதான் முதல் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா, அட்டை அச்சாகி அடுக்கியாயிற்று.

பேயும் காதலும் தனித்தனியாக வந்தாலே கேள்விக்குறிக்கு ஆகாது. இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்தால்? இதைப் படிக்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று முதலாளியிடம் கேட்டார். உங்களை ரசிக்கச் சொல்லவில்லை, பிழை பார்க்கத்தான் சொன்னேன் என்றார் முதலாளி.

பிழை பார்த்தார். பதினான்காம் பக்க ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: ‘உடல் இல்லாதவர் குடித்த தேநீர் எங்கே போயிற்று?’

வேறு எழுத்தாளராக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார். இந்த அம்மாள் இருபது வருஷமாக மருந்து கொடுப்பவர். சீட்டில் ஓர் எழுத்து புரியாவிட்டாலும் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்காமல் மாத்திரையைத் தொடமாட்டார். சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் அவர் தொழில் தர்மம். கேள்விக்குறியின் கேள்வியையும் அதே பயபக்தியோடு எடுத்துக்கொண்டார். மாலையில் திருத்திய பக்கம் வந்தது. அந்தப் பெண் சாகவே இல்லையாம், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாளாம்.

கேள்விக்குறிக்கு உற்சாகம் பிறந்தது. அடுத்த கதையில் ஓர் ஆவி சுவரை ஊடுருவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. சுவரில் நுழைகிறவன் நாற்காலியில் மட்டும் எப்படி உட்கார்கிறான், தரை வரைக்கும் போயிருக்க வேண்டாமா என்று எழுதினார். அம்மாள் யோசித்துப் பார்த்து, அவனை மாற்றுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரனாக ஆக்கினார். மூன்றாவது கதையில் இறக்கை முளைத்த ஆவி அறுபது கிலோ காதலியைத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது மாடிக்குப் பறந்தது. இறக்கையின் நீளம் என்ன என்று கேட்டார். மறுநாள் காதலர்கள் இருவரும் லிஃப்டில் போனார்கள்.

புதன்கிழமை மதியத்துக்குள் எட்டு ஆவிகளும் பிழைத்துக்கொண்டன. எந்த டாக்டரும் இரண்டே நாளில் எட்டுப் பேரைச் சாவிலிருந்து மீட்டதில்லை என்று கேள்விக்குறி வீட்டில் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டார். அவர் மனைவி, நல்ல வேளை, உங்களிடம் பிள்ளைகள் கதை சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை என்றார்.

கையெழுத்துப் போட்ட பக்கங்களை முதலாளி பிற்பகலில்தான் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் வெளுத்தது.

“இதுல ஆவி எங்கய்யா?”

“ஒண்ணும் நிக்கல. எல்லாத்துலயும் ஓட்டை.”

“அட்டையில எட்டுன்னு போட்டிருக்கு. உள்ள ஒண்ணுகூட இல்ல. வாங்கினவன் என் சட்டையைப் பிடிக்க மாட்டானா?”

பழைய பக்கங்களையே ஏற்றலாம் என்றார் முதலாளி. ஏற்றலாம், ஆனால் என் கையெழுத்து இல்லாமல் ஏற்றுங்கள் என்றார் கேள்விக்குறி. விடாக்கண்டனுக்கு ஏற்ற கொடாக்கண்டன். முதலாளியும் அன்றைக்கு இறங்கி வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஆவியோடு ஒரு புத்தகம் தயாராகாவிட்டால், கையெழுத்து இல்லாமலே இயந்திரம் ஓடும் என்று சொல்லிவிட்டார்.

கேள்விக்குறி பச்சைப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை, அதுவும் ஒரு பேய்க்காகவா? வேலை போனால்கூடத் தாங்கிக்கொள்வார். அந்தப் பச்சைக் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதம் வெளியே போவதை அவரால் தாங்க முடியாது. அவருடைய மரியாதை முழுக்க அதில்தான் இருந்தது.

அவரே ஒரு வழி சொன்னார். கதைக்கு ஒருவரை ஒழுங்காகச் சாகடித்துவிட்டால் ஆவி தானாக வந்துவிடுமே என்றார். அம்மாள் கடையில் உட்கார்ந்து மூன்று பேரைச் சாகடித்தார். மருந்துக்கடைக்காரர் இல்லையா, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று துல்லியமாக எழுதிவிட்டார். கேள்விக்குறி தாம் திருத்திய மருத்துவப் பாடநூலை எடுத்துச் சரிபார்த்துவிட்டு, இந்த அளவுக்கு ஆள் சாகமாட்டார், வயிற்றுப்போக்குதான் வரும் என்று எழுதி அனுப்பினார். அம்மாளும் பார்த்துவிட்டு, ஆமாம், நீங்கள் சொல்வதுதான் சரி என்று ஒத்துக்கொண்டார். மூன்று காதல் கதைகளிலும் நாயகர்கள் வயிற்றுப்போக்கோடு படுத்திருந்தார்கள். புத்தகம் முன்னைவிட மோசமாயிற்று.

இயந்திரம் ஓட்டுபவர், அவர்தான் கேள்விக்குறிக்கு அச்சகத்தில் நெருக்கம், ஒரு யோசனை சொன்னார். அட்டையில் எட்டு இருக்கும் இடத்தில் ஒரு சீட்டு ஒட்டி, ‘ஓர் ஆவியும் ஏழு காதல்களும்’ என்று ஆக்கிவிட்டால் ஒரே ஓர் ஆவி போதுமே என்றார். முதலாளி பெருமூச்சு விட்டுச் சரி என்றார். கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். இங்கே பூதம் ஒன்று வேண்டும் என்று கிணறு வெட்ட வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை காலையில் அம்மாள் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார். கேள்விக்குறியின் மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

“எப்படிப்பட்ட ஆவி வந்தா நீங்க கையெழுத்துப் போடுவீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க.”

“வேலைவெட்டி உள்ள ஆவியா இருக்கணும்மா. பாழடைஞ்ச பங்களாவுல சும்மா சுத்திட்டு இருக்கறவன் வேண்டாம்.”

“காதல்?”

“இருந்துட்டுப் போகட்டும். வேலைக்கு இடைஞ்சல் இல்லாம இருக்கணும்.”

அம்மாள் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். கேள்விக்குறி ஒரு நாற்காலிக் கம்பெனியின் விலைப்பட்டியலில் நாற்காலிக்கு மூன்று கால் வரைந்திருப்பதைக் கண்டுபிடித்துப் படம் போட்டவரைப் போனில் அழைத்துப் பாடம் நடத்தினார். முதலாளி கொண்டு வந்த கல்யாணப் பத்திரிகையில் தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்று நிறுத்தி வைத்தார். அம்மாள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், கதை வராமல் தவிக்கிறார் போல என்று கேள்விக்குறி இரக்கப்பட்டுத் தம் பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குப் புதுக் கதை வந்தது.

பெரிய கிடங்கு ஒன்று. அங்கே சரக்கு சரிபார்க்கும் ஒருவன் செத்துப் பல காலம் ஆகிறது. செத்தது அவனுக்குத் தெரியாது. தினமும் ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறான். பெட்டிகளை எண்ணுகிறான், மற்றவர்கள் எண்ணியது தப்பு என்கிறான். முதலாளியே ஆனாலும் விடுவதில்லை. யாருக்கும் அவனிடம் நீ செத்துவிட்டாய் என்று சொல்லத் துணிவில்லை, சொன்னால் ஆதாரம் கேட்பான். அடுத்த மேஜைப் பெண் அவனைக் காதலிக்கிறாள். உலகத்தில் எல்லாரும் போகட்டும் போ என்று விட்டுவிடுகிற காலத்தில், செத்த பிறகும் ஒருவன் சரியாக இருக்க வேண்டும் என்று மெனக்கெடுகிறானே என்று அவளுக்கு அவன்மேல் அத்தனை மதிப்பு.

கேள்விக்குறி மூன்று தடவை படித்தார். ஒற்றெழுத்து, காற்புள்ளி, ஒன்றிலும் குறை இல்லை. பேனாவை ஓரத்துக்குக் கொண்டுபோனார். கேட்க ஒரு கேள்விகூட வரவில்லை. அவருக்கே அதிசயமாக இருந்தது. செத்தவன் வேலைக்கு வருவதா என்று கேட்கலாம்தான். ஆனால் அந்த மனிதன் வராமல் எப்படி இருப்பான்? அவன் இல்லாவிட்டால் பெட்டிகளை யார் எண்ணுவது?

கடைசிப் பத்தியில் அவர் கண் கலங்கியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பச்சை மையில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். மானம் தப்பியது. முதலாளி இரு கை கூப்பினார்.

இயந்திரம் ஓட்டுபவர் சூடாக எடுத்துக் கொடுத்த தாள்களைக் கேள்விக்குறி மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். வாழ்நாளில் அவர் வாசித்துக் காட்டிய முதல் கதை அது. பாதியிலேயே மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறாள், அழட்டும், நல்ல கதை என்றால் அப்படித்தான் என்று கேள்விக்குறி குரலை இன்னும் உருக்கமாக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. மருந்துக்கடைக்கு வாடிக்கையாளர் அவ்வளவு பேர். வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு புத்தகம், பலர் அங்கேயே கடைசிக் கதையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாள் முதல் பிரதியைக் கேள்விக்குறிக்குத்தான் கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் இந்தக் கடைசிக் கதையே இல்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார். கேள்விக்குறிக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. முன்வரிசையில் மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். இரண்டு வார்த்தை பேசும்படி முதலாளி கேள்விக்குறியை முன்னால் தள்ளினார்.

“நான் பேய்க்கதை படிக்கிற ஆள் இல்ல,” என்று ஆரம்பித்தார். “இருபத்தாறு வருஷத்துல கேள்வி கேட்காம நான் கையெழுத்துப் போட்டது ஒரே ஒரு கதைக்குத்தான். அந்தக் கிடங்குல வேலை பார்க்கிறவன் இருக்கானே, அவன் மாதிரி ஒரு மனுஷன் இருந்தா நான் அவனைக் கையெடுத்துக் கும்பிடுவேன். நாட்டுல அப்படி நாலு பேர் இருந்தா போதும்.”

அரங்கமே அதிர்ந்தது. கைதட்டலும் சிரிப்புமாக ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மாள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நன்றி, ரொம்ப நன்றி என்றார். இருபத்தாறு வருஷ உழைப்புக்கும் சேர்த்து இன்றைக்குக் கிடைத்துவிட்டது என்று கேள்விக்குறிக்குத் தோன்றியது. தலை நிமிர்ந்து மேடையை விட்டு இறங்கினார்.

கைதட்டியது சரி, சிரித்தது எதற்கு? அவருக்கு அது மட்டும் கணக்கில் வரவில்லை. படியடியில் நின்ற இயந்திரம் ஓட்டுபவரிடம் மெல்லக் கேட்டார்.

அவர் பக்கத்தில் வந்து தோளில் கைவைத்தார்.

“அண்ணே, அந்த ஆள் செத்துட்டான்னு எழுதினது மட்டும்தான் அம்மாவோட கைச்சரக்கு. மத்ததெல்லாம் நீங்கதான்.”