பாம்புக்கடி போஸ்டர்

“இந்தக் கும்பிடு எதுக்கு பாய்?” என்று கேட்டாள் கன்னிகா.

புத்தூரில் சலீமின் பிளெக்ஸ் கடை. கம்ப்யூட்டர் திரையில் அவள் போஸ்டர் விரிந்திருந்தது. மேலே ஒரு வட்டத்துக்குள் டாக்டர் ஹேமநாத். கீழே கைகூப்பியபடி கன்னிகா. சுற்றிலும் ரோஜாப்பூ. பாம்பு கடித்தவர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருகிறார்கள் என்று ஊர் ஊராக அலைந்து அவள் சேர்த்ததெல்லாம் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது.

“பெரியவங்க மேல, வரவேற்கறவங்க கீழ. எலெக்‌ஷனா இருந்தாலும் சரி, மஞ்சத்தண்ணியா இருந்தாலும் சரி, நான் இப்படித்தான் அடிச்சிக்கினு இருக்கேன் மேடம்,” என்றார் சலீம்.

“இது டாக்டருங்க மாநாடு பாய். நாளைக்கு திருச்சானூர்ல. பெரிய பெரிய புரொபசருங்க வந்து பார்த்து மார்க் போடுவாங்க. ரெண்டு போட்டோவையும் தூக்குங்க.”

“தூக்கினா ரெண்டு ஓட்டை வுழும் மேடம்.”

“வுழட்டும்!”

கன்னிகா வடமாலபேட்டைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன் வேர்க்கடலைக் கொல்லையில் அவள் நைனாவைப் பாம்பு கடித்தது. ஆட்டோவில் ஏற்றி, முதலில் மந்திரிப்பவரிடம் போனார்கள். பிறகு பாம்புக்கடி மருந்தே இல்லாத ஒரு கிளினிக். மருந்து இருந்த ஆஸ்பத்திரி வழியிலேயே இருந்தது. அதைத் தாண்டிக்கொண்டுதான் ஆட்டோ பறந்தது. திரும்பி வந்து சேர்ந்தபோது நைனா இல்லை. அந்த டிரைவர் நல்ல மனுஷன், வாடகைகூட வாங்காமல் அழுதுகொண்டே போனார். எங்கே போக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதை நாலு பேர் காதில் போட வேண்டும். கன்னிகாவுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

“நீ போய் போஸ்டர் பக்கத்துல நில்லு,” என்று சொல்லியிருந்தார் அவள் நிலையத்தின் டாக்டர் ஹேமநாத். “எனக்கு ஸ்பெஷல் தரிசன டிக்கெட் கிடைச்சிருக்கு. பெருமாளைப் பார்த்துட்டு ஓடியாந்துட்றேன்.”

மறுநாள் காலையில் பஸ் வந்து நின்ற அவசரத்தில், சுருட்டிக் கட்டிய பிளெக்ஸை வாங்கிக்கொண்டு அப்படியே ஏறிவிட்டாள். திருப்பதியில் இறங்கி, திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் மனசு கேட்காமல் பிரித்துப் பார்த்தாள்.

ஐந்து தலை நாகம். பொன்னிறப் படம் விரித்து, பின்னால் ஒளிவட்டம் சுழல, போஸ்டரின் பாதியை அடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது.

போனில் சலீம் பெருமையாகச் சொன்னார். “ஓட்டை வெள்ளையா இருந்தா கடைக்குக் கெட்ட பேரு மேடம். பாம்பு மேட்டர்தானே? நாகாலம்மன் ஜாத்திரைக்கு அடிச்சது சிஸ்டத்துல இருந்துச்சு. சூப்பரா செட் ஆயிடுச்சு!”

அவள் போனை வைப்பதற்குள், பத்மாவதித் தாயார் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த எதிர்சீட்டு அம்மாள், “நாகம்மா தல்லி!” என்று எழுந்தேவிட்டாள். தாயாருக்கென்று வைத்திருந்த குங்குமப் பொட்டலம் திறந்தது. ஐந்து தலைக்கும் ஐந்து பொட்டு. ஆட்டோ குலுங்கியதில் மீதி முழுவதும் கன்னிகாவின் அட்டவணை மேல் கொட்டியது.

“ஐயோ, இது சாமி இல்லைம்மா! ஆராய்ச்சி!”

“எதுவா இருந்தா இன்னாமா? கும்பிட்டுக்கோ, நல்லது நடக்கும்.”

மாநாட்டு மண்டபத்தில் தன் பலகையைக் கண்டுபிடித்து போஸ்டரை மாட்டினாள். குங்குமம் அப்பிய இடத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. வேறு யாராவது இருந்தால் ஈரத்துணியால் துடைத்திருப்பார்கள். நர்ஸின் கை என்ன செய்யும்? கைப்பையிலிருந்து ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்தது. ஊசி போடும் இடத்தைத் துடைப்பது போல நன்றாக அழுத்தித் துடைத்தது.

குங்குமம் போனது. கூடவே அட்டவணை போனது, எண்கள் போயின, முடிவுரையும் போனது. தலைப்பும் பாம்பும் மட்டும் மிஞ்சின. அந்தப் பாம்புக்குத்தான் எத்தனை ஆயுசு! நடுவே சிவப்பாக ஒரு தீற்றல், யாரோ அடிபட்டு இழுத்துச் செல்லப்பட்டது போல.

கன்னிகா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நைனாவுக்காக அழுத பிறகு அப்படி அவள் அழுததே இல்லை.

மண்டபம் என்னவோ வெறிச்சென்றுதான் கிடந்தது. அவரவர் போஸ்டர் பக்கத்தில் சிலர் கொட்டாவி விட்டபடி நின்றார்கள். அப்போது மூன்று பேர் மெதுவாக நடந்து வந்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். கழுத்தில் புரொபசர் என்று பெரிய பேட்ஜ், அதில் ‘ஜட்ஜ்’ என்று சிவப்பு ரிப்பன்.

நரைத்த மீசைக்காரர் பாம்பைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மற்ற இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கேலி செய்கிறார்களோ என்று கன்னிகா உற்றுப் பார்த்தாள். இல்லை, மூன்று முகத்திலும் பக்திதான் இருந்தது. படித்தவர்களுக்கு எவ்வளவு அடக்கம் என்று அவளுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

“தமிழ்லயே சொல்லு சிஸ்டர்,” என்றார் மீசைக்காரர். “இவருக்குத் தமிழ் வராது, நான் தெலுகுல சொல்லிக்கறேன்.”

காட்ட ஒன்றும் இல்லை. அதனால் நைனாவின் கதையையே சொன்னாள். கொல்லை, மந்திரிப்பவர், கிளினிக், தாண்டிப்போன ஆஸ்பத்திரி, அழுதுகொண்டே போன ஆட்டோக்காரர். மீசைக்காரர் கர்ச்சீப்பை எடுத்தார்.

கேள்விகள் வந்தன. இவ்வளவு நுட்பமான கேள்விகளை அவள் எதிர்பார்க்கவே இல்லை.

“கடிச்ச காலைத் தொங்க வுட்டு உட்கார வைக்கறதா, பின்சீட்ல படுக்க வைக்கறதா?”

“படுக்க வைக்கணும் சார். கால் ஆடக் கூடாது. இறுக்கிக் கட்டக் கூடாது.”

“வழியில வாந்தி எடுத்தா?”

“இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும் சார்.”

“புத்தூர்லேருந்து வந்தா எந்தெந்த ஆஸ்பத்திரியில மருந்து இருக்கும்?”

சொன்னாள். தமிழ் தெரியாதவர் போனை நீட்டி அவள் ஆஸ்பத்திரி நம்பரைக் கேட்டு ஏற்றிக்கொண்டார். மூன்றாமவர் மட்டும் சாப்பாட்டுக்கூடத்தின் பக்கம் அடிக்கடி பார்த்தார், ஆனாலும் நகரவில்லை. புரொபசர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து மனதில் வாங்கிக்கொள்வதைக் கண்டு கன்னிகாவுக்குப் புல்லரித்தது. நாகாலம்மன் கைவிடவில்லை. முதல் பரிசுகூடக் கிடைக்கலாம்.

மூவரும் கிளம்பினார்கள். மார்க் போடும் காகிதத்தை யாரும் தொடவே இல்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“சார், மார்க் போடலையே?” என்று பின்னாலேயே ஓடினாள்.

மீசைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே கூச்சத்தோடு சிரித்தார். “மார்க்கை எங்க சாருங்க வந்துதான் போடணும் சிஸ்டர். அவங்கெல்லாம் மலைமேல தரிசன லைன்ல நிக்கறாங்க. சாப்பாடு துன்னுங்கடான்னு பேட்ஜை எங்க கழுத்துல மாட்டிட்டுப் போய்ட்டாங்க, நாங்க வண்டி ஓட்டறவங்க.”