பெனின் நாட்டுக்குக் குளிர்ச்சட்டை

றோசலின் அம்மையார் உள்ளதை உள்ளபடியே சொல்லும் வழக்கமுடையவர். மீன்குழம்பில் உப்புக் கூடிற்றெனில் கூடிற்று என்பார். குழந்தையின் சாயல் தகப்பனைப் போலில்லையெனில் அதனையும் ஞானஸ்நான விருந்திலேயே சொல்லிவிடுவார். இதனால் கனடாவின் மொன்றியல் நகர்த் தமிழர் வீடுகளிலிருந்து அவருக்கு அழைப்புக் குறைவு.

மன்னாரிலிருந்து வந்து, தலை நரைக்கும்வரை உடுப்புத் தொழிற்சாலையொன்றில் தைத்து ஓய்வுபெற்ற அவர், 2006ஆம் ஆண்டு, தொண்டராகத் தையல் கற்பிக்கும்பொருட்டு மேற்கு ஆபிரிக்காவிலுள்ள பெனின் நாட்டுச் சிற்றூரொன்றிற்குச் சென்றார். ஓராண்டு கழித்துத் திரும்பியபோது, எடுத்த படங்களைக் காட்டிப் பேசுமாறு கோயிற் பங்கு மண்டபத்தில் மேடை கொடுத்தனர்.

திரையில் கலியாணங்கள் வந்தன, சந்தை வந்தது, இடித்த கிழங்கும் கோழிக்குழம்பும் வந்தன, படத்துக்குப் படம் பருத்துக்கொண்டே போகும் றோசலின் அம்மையாரும் வந்தார்.

பங்குச் சபைத் தலைவர் அருமைராசா துறைமுகத்திற் பாரவண்டி ஓட்டுபவர், இளகிய மனத்தினர். அழுவதற்கென்றே ஆயத்தமாக வந்திருந்த அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

"அக்கா, கஷ்டப்பட்ட சனத்தின்ரை படம் ஒண்டும் எடுக்கேல்லையோ?"

"கஷ்டப்பட்டது நான்தான் தம்பி. நுளம்புக்கடி. அந்தச் சனம் நல்லாத்தான் இருக்குது. நான் தையல் பழக்கப் போனன். அவளவை ஒரு பின்னேரத்துக்குள்ள எனக்கொரு சட்டை தைச்சுத் தந்திட்டாளவை."

மாதர் சங்கத் தலைவியும் அருமைராசாவின் மனைவியுமாகிய செல்வமலர் கைக்குட்டையை எடுத்தார்.

"கடையில வாங்க வழியில்லாமல் தாங்களே தைச்சுப் போடுதுகள். கேட்டியளே சனங்கள்!"

அடுத்த ஞாயிறு பூசை முடிவில், பெனின் மக்களுக்குக் கொடுக்க விரும்புவதை றோசலின் அம்மையாரிடம் சேர்க்கும்படி அறிவித்தல் வந்தது. அதற்கடுத்த நாளிலிருந்து பொதிகள் வந்தன. நகரின் வில்லரேப் பகுதியில், மகன் ஜெராட்டின் வீட்டு நிலக்கீழ் அறைதான் றோசலின் அம்மையாரின் உறைவிடம். அவ்வறைக்குள் குளிர்ச்சட்டைகள் குவிந்தன. கையுறைகளும் பனிச் சப்பாத்துகளும் தொடர்ந்தன.

அவர் செல்வமலரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, அங்க குளிரே இல்லை. வெயில் கொளுத்தும்."

"ஐயோ, அதை நீங்கள் முதல்லயே சொல்லியிருக்க வேணுமெல்லோ!"

மறுநாளே குடைகளும் தொப்பிகளும் மின்விசிறிகளும் வந்திறங்கின. குளிர்ச்சட்டைகளை எவரும் திருப்பி எடுத்துச் சென்றாரல்லர்.

தொலைபேசியை நம்பிப் பயனில்லையெனக் கண்டு, அம்மையார் அருமைராசாவின் வீட்டுக்கு நேரிற் சென்றார்.

"தம்பி, அவை ஏழையளில்லை. என்னை ஒருநாளும் பசியோட படுக்க விடேல்லை. சட்டியில கிடந்த நல்ல துண்டை எனக்குத்தான் முதல்ல போட்டவை."

அருமைராசாவின் கண்கள் நிறைந்தன.

"செல்வம், கேட்டனியே? தாங்கள் பட்டினி கிடந்து எங்கடை அக்காவுக்குக் குடுத்திருக்கினம்!"

அன்று மாலை அரிசி மூட்டைகள் வந்தன. பின்னால் மீன்டின்கள் வந்தன.

வேலையால் வந்த ஜெராட் படியில் நின்றபடி கேட்டான்.

"அம்மா, உடுப்புத் தோய்க்கிற மெசின் எங்க?"

"அரிசிக்குப் பின்னால."

"அரிசி எங்க?"

"ஜக்கெற்றுக்குப் பின்னால."

"அப்ப நீங்கள் எங்க படுக்கிறியள்?"

"ஜக்கெற்றுக்கு மேல."

"எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினால் இப்பிடித்தான்!"

"நான் ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்லேல்லையடா. உண்மையைத்தான் சொன்னனான். நான் ஒண்டு சொல்லச் சொல்ல உவை ஒரு மூட்டை கொண்டாருகினம்."

இவ்வளவையும் அம்மையார் பொறுத்துக்கொண்டார். பொறுக்கவொண்ணாதது மறு ஞாயிறு கோயில் வாசலில் தொங்கிற்று. அவருடைய படங்களிலொன்றை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தனர். படத்திலிருந்தவர் பெர்னதெத். பெனினில் அம்மையாரின் உற்ற தோழி. தையற் பெண்களின் தலைவி. மாவரைக்கும் ஆலையொன்றுக்கும் உடைமைக்காரி. அவருடைய கன்னங்களிற் கண்ணீர் வழிந்தது. கீழே, "இக்கண்ணீரைத் துடைக்கமாட்டீர்களா?" என்றிருந்தது.

"தம்பி, அவள் கலியாண வீட்டுச் சமையலுக்கு வெங்காயம் வெட்டினவள். அது வெங்காயம்!"

"வெங்காயமும் போடலாம் அக்கா," என்றார் அருமைராசா, பரிவோடு. "ஆனால் கப்பலில போய்ச்சேரமுன்னம் அழுகிப்போம். கொன்டெய்னருக்கு இடம் எடுத்தாச்சு. செவ்வாய்க்கிழமை ஏத்துறம். வெளிக்கதவில உந்தப் படத்தைத்தான் ஒட்டப்போறம்."

அம்மையார் வாசற்படி இறங்கி வீட்டுக்கு நடந்தார். அப்படத்தோடு அக்கொள்கலன் அவ்வூரிற் போய் இறங்குமாயின், பெர்னதெத்தின் முகத்தில் இனி எவ்வாறு விழிப்பது? தன்னை ஓராண்டு வீட்டுப் பெண்ணாக வைத்துப் போற்றியவளை ஊரறியப் பிச்சைக்காரியாக்கியதாகவன்றோ முடியும்!

எவரோ சொல்லி அவள் அறிவதினும் தானே சொல்லிவிடுவது மேலெனத் துணிந்தார். வீட்டுக்கு வந்ததும் குளிர்ச்சட்டைக் குவியலின்மீது அமர்ந்து, தொலைபேசி அட்டையின் இலக்கங்களை அழுத்தினார். அவர்கள் பிரெஞ்சிற் பேசியதைத் தமிழிற் சொன்னால் இவ்வாறிருக்கும்.

"பெர்னதெத், என்னைக் கோவிக்காதை." அம்மையார் குளிர்ச்சட்டை முதல் வெங்காயம் வரை ஒன்றையும் மறையாது சொன்னார். "உங்களைப் பற்றி நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை. உண்மையைத்தான் சொன்னனான். அதாலதான் இவ்வளவும் வந்தது."

 

"றோஸ் அம்மா," என்றது பெர்னதெத்தின் குரல், தயங்கித் தயங்கி. "நீங்கள்தான் எங்களைக் கோவிக்கக்கூடாது. நிலத்துக்குக் கீழ படுக்கிறன், தனியச் சாப்பிடுறன், பக்கத்து வீட்டுக்காரரின்ரை பேர் தெரியாது எண்டெல்லாம் இங்க சொன்னியளே, அது உண்மைதானே?"

"உண்மைதான்."

"நீங்கள் தனிய நிண்டு பனி அள்ளுற படம் ஒண்டு இங்க தந்தியளெல்லோ, அதைப் பெரிசாக்கிக் கோயில் வாசல்ல மாட்டினனாங்கள். கண்ணால தண்ணி ஓடுற படம்."

"அது குளிர்காத்துக்கு ஓடினதடி!"

"ஊரே அழுதது, றோஸ் அம்மா. வீட்டுக்கு வீடு சேர்த்து உங்களுக்கெண்டு ஒரு அறை கட்டிப்போட்டம். நேற்றுக் கூரையும் போட்டாச்சு."

அம்மையார் தொலைபேசியை மெல்ல வைத்தார். அரிசி மூட்டைகளுக்கிடையே சட்டையொன்றைத் தேடிக்கொண்டிருந்த ஜெராட் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னவாம், அம்மா?"

"அந்தச் சனம் சேர்த்ததை வேண்டாம் எண்டு சொல்லேலாது, ஜெராட்," என்றார் றோசலின் அம்மையார். "நான் போறன்."