மூன்றாவது நாற்காலி

சண்டை போடுகிறவர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சண்டையை விலக்கி வைப்பதற்கென்றே பிறந்த ஒரு ஜாதி மனிதர் இருக்கிறாரே, அவரை யாராவது கண்டுகொண்டதுண்டா? இதோ, அவரை உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்துகிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் சமரசம். பெற்றோர் வைத்ததல்ல, அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் வைத்தது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். எங்காவது இரண்டு பேர் சற்றுக் குரலை உயர்த்திவிட்டால் நீங்களும் நானும் நமக்கேன் வம்பு என்று நகர்ந்துவிடுவோம், இவர் முகத்திலோ ஒரு பிரகாசம் வரும், சாப்பிட்ட கையை அரைகுறையாய்க் கழுவிக்கொண்டு, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமியபடி நேரே நடுவில் போய் நின்று, "இப்ப என்ன பிரச்சினை?" என்பார். பிரச்சினை அப்போதுதான் ஆரம்பிக்கும்.

பகலில் குடிநீர் அலுவலகத்தில் பிரிவுக் கண்காணிப்பாளர். மாலையில் சமாதான மன்றத்தின் செயலாளர். நிம்மதியாக வாழ்வது ஒவ்வொரு மனிதனின் அடிப்படை உரிமை, காற்றும் தண்ணீரும் போல அதையும் யாரும் யாருக்கும் மறுக்கக் கூடாது என்று மேடையில் மேசையைக் குத்திப் பேசுவார். உண்மைதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த உரிமையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று நினைத்துக்கொண்டார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. மூன்று நாற்காலி போடுவார். எதிரும் புதிருமாக இரண்டு, நடுவில் கைவைத்த நாற்காலி ஒன்று. கைவைத்தது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு இரு தரப்பும் நடந்ததை ஆரம்பத்திலிருந்து ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். "மனசுல ஒரு துளி தங்கக் கூடாது, வேரோட பிடுங்கணும்" என்பார். அலுவலகத்தில் மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று இரண்டு குமாஸ்தாக்கள் முணுமுணுத்துக்கொண்டபோது இப்படித்தான் பிடுங்கினார். மின்விசிறிக்குக் கீழே ஒரு பதவி உயர்வு புதைந்திருந்தது. அதற்கும் கீழே கல்யாணத்துக்கு அழைக்காத கோபம். மாலைக்குள் ஒருவர் மேல்மாடிக்கு மாற்றல் கேட்டு எழுதினார், இன்னொருவர் நீண்ட விடுப்பில் போனார். இப்போது அந்த அறையில் சண்டை உண்டா என்று சமரசம் பெருமையாகக் கேட்பார். எப்படி இருக்கும்? ஆளே இல்லையே.

வெளியில் இப்படி என்றால் வீட்டில்? அவர் மனைவியைக் கேளுங்கள். அம்மா விட்டுப்போன தையல் மெஷின் யாரிடம் இருப்பது என்று அவளுக்கும் அவள் தங்கைக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல். விட்டிருந்தால் அந்த வாரமே ஆறியிருக்கும். சமரசம் விடவில்லை, நாற்காலி போட்டார். அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது. அதன்பின் அவளுக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை, புதுத் துணி எடுத்தால் காட்ட ஆளில்லை. தங்கை இல்லாமல் தன்னால் முடியாது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஒருநாள் மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தவள், என்ன தோன்றியதோ, தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை, "மாடியிலயா இருக்க? துணியெல்லாம் காஞ்சுதா?" என்றாள். காய்ந்துவிட்டது என்றாள் அக்கா. அவ்வளவுதான். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே இறங்கி வந்தபோது அவள் முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வருவதாக ஏற்பாடு. அன்று பார்த்து மன்றத்தின் ஆண்டுக் கூட்டம், அவர் இருட்டிய பிறகுதான் திரும்புவார். நாளைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். அவருக்குச் சொல்லவில்லை. சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள்.

தங்கை வந்தாள். கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, அக்காவை முக்காலியில் உட்காரவைத்து, தோளில் கிழிசல் துண்டைப் போட்டுத் தலைக்கு டை அடிக்கத் தொடங்கினாள். சின்ன வயதில் தலை பின்னிக்கொள்ள அடம்பிடித்த கதையெல்லாம் வந்தது, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதித் தலை கறுப்பும் பாதி வெள்ளையுமாக இருந்த நேரத்தில் கதவு திறந்தது. வாசலில் சமரசம். அப்போது வெயில்கூட இறங்கவில்லை. சட்டைப் பை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அதை அவர் கவனிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார், மைத்துனியைப் பார்த்தார், சீப்பைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

"எப்ப சமாதானம் ஆனீங்க? யார் பேசி வச்சது?"

யாரும் இல்லை, தானாகவே சரியாகிவிட்டது என்றாள் தங்கை. தானாகவா? காய்ச்சலா அது, தானாகச் சரியாக? மேலே பூசி மெழுகிய சமாதானம் நாளைக்கே வெடிக்கும் என்றார். நாற்காலிகளை இழுத்தார்.

"வேண்டாம் அத்தான், அது முடிஞ்சுபோன விஷயம்."

"முடியலம்மா. நீ நினைக்கிற முடிஞ்சுதுன்னு. சொல்லு, முதல்ல மெஷினைக் கேட்டது யாரு?"

பெரியவர் கேட்கிறாரே என்று தங்கை பட்டும் படாமலும் பதில் சொன்னாள். இல்லை, அப்படி நடக்கவில்லை என்று அக்கா லேசாகத் திருத்தினாள். திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. பிறகு அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது யார் எத்தனை இரவு கண் விழித்தது என்ற பேச்சு. சமரசம் தலையை ஆட்டி, "வரட்டும், வரட்டும்" என்றார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கையுறையைக் கழற்றிப்போட்டாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அக்காவுக்குத் தெரியும். இந்தக் கதவைத் தாண்டிவிட்டால் தங்கை இனி வரமாட்டாள். பாதித் தலையோடு தெருவில் ஓடி இழுத்துவரவும் முடியாது. என்ன செய்வது? அப்போதுதான் அந்தக் கிழிந்த பை அவள் கண்ணில் பட்டது.

"அது இருக்கட்டும், உங்க சட்டை ஏன் கிழிஞ்சிருக்கு?"

ஒன்றுமில்லை, கூட்டத்தில் ஒரு சின்ன விஷயம் என்றார்.

"சின்ன விஷயம்னு மனசுல வச்சுக்கக் கூடாது. உட்காருங்க. ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க, ஒண்ணு விடாம."

எத்தனையோ வருடமாக யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. கைவைத்த நாற்காலியில் சாய்ந்தார். தொடங்கினார். அடிப்படை உரிமை பற்றிய தீர்மானத்தை யார் முன்மொழிவது என்று தலைவர் கேட்டாராம். எழுதியது இவர், படிப்பது மட்டும் பொருளாளரா? விட்டுக்கொடுக்கலாம் என்றுதான் எழுந்தாராம், அதற்குள் அந்த மனிதர் தீர்மானத்தைப் பிடுங்க, இவர் இழுக்க, பொருளாளரின் மைத்துனன் குறுக்கே பாய... சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. சும்மா விடப்போவதில்லை அந்தப் பயலை.

தங்கை கதவருகே நின்றவாறு அக்காவைப் பார்த்தாள். அக்கா தங்கையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள் இருவரும். கைப்பை மெல்ல ஆணியில் ஏறியது. தங்கை கையுறையை மாட்டிக்கொண்டு மீதித் தலையைத் தொடங்கினாள். சொன்னது போதாமல் போனை எடுத்துத் தலைவரோடு அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே அக்கா தலையை அலசி முடித்துவிட்டாள். பேசாமல் இருந்த அக்கா தங்கையை ஒரே அமர்வில் எப்படிச் சேர்த்துவைத்தேன் என்று அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறாராம், கூட்டம் நடந்தால்.

சிரிக்கிறீர்களா? நல்லது. வாசிக்கும்போதே உங்களுக்கு மனத்தாங்கலில் இருக்கும் ஒருவர் ஞாபகம் வந்திருப்பாரே. அவரோடு முகம் கொடுத்துப் பேசாத இன்னொருவரும் ஞாபகம் வந்திருப்பாரே. இருவரையும் ஒருநாள் வீட்டுக்கு வரவழைத்து, எதிரெதிரே உட்காரவைத்து, இதை உரக்க வாசித்துக் காட்டினால் என்ன என்றுகூடத் தோன்றியிருக்குமே?

அந்த நாற்காலியைக் கீழே வையுங்கள்.